கம்பியும் சிமெண்டும் கருணையும்

சிற்பக்கலை என்று சொன்னவுடன் நம்மில் பலருக்கு மாமல்லபுரமும் தஞ்சாவூரும்தான் நினைவுக்கு வரும். "அதெல்லாம் பரம்பரையா உளி பிடிச்சவங்க வேலைப்பா, டிப்ளமோ படிக்கிற நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து விடுவோம். ஆனால் நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். ஃபிட்டிங், கார்பென்டரி, ஷீட் மெட்டல், வெல்டிங், ஃபவுண்டரி என்று ஒர்க் ஷாப்பில் நாம் வியர்வை சிந்திக் கற்பது என்ன? ஒரு சிற்பிக்கு வேண்டிய கைத்தொழிலில் பாதியைத்தான். மீதிப் பாதி கண்ணிலும் மனத்திலும் இருக்கிறது.

சென்ற ஆண்டு நம் பாலிடெக்னிக் ஆண்டு விழாக் கண்காட்சிக்காக, மெக்கானிக்கல் மாணவனாகிய நானும் சிவில் பிரிவு நண்பர்கள் சிலரும் சேர்ந்து, இயேசு பாதம் கழுவும் காட்சியை ஒரு சிலையாகச் செய்தோம். "அது எப்படிடா செஞ்சீங்க? ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. ஒரு மார்க்கத்தின் விசுவாசத்தைச் சிலையில் சொல்வது எப்படி, அந்தச் சிலை கருணையையும் சொல்ல வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த வரையில் விளக்க முயல்கிறேன்.

சிலை செய்யலாமா?

முதல் தடை எங்கள் சபைக்காரர்களிடமிருந்தே வந்தது. "பத்துக் கட்டளையில் விக்கிரகம் செய்யக்கூடாது என்று இருக்கிறதே, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிறிஸ்தவர்களுக்குள் இது பழைய வழக்கு. உருவங்களை உடைத்தெறிய வேண்டும் என்று ஒரு சாரார் கிளம்பியபோது, 787-ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய சங்கம், வழிபாடு கடவுளுக்கு மட்டுமே உரியது, ஆனால் உருவங்களுக்கு மரியாதை செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் சிலர் மீண்டும் ஆலயங்களிலிருந்து சிலைகளை அகற்றினார்கள். இன்றும் கத்தோலிக்கர் ஆலயத்தில் சுரூபங்கள் இருக்கும். பல சபைகளின் ஆலயங்களில் வெறும் சிலுவை மட்டுமே இருக்கும்.

நான் அந்தப் பெரியவருக்குச் சொன்ன பதில் இதுதான்: கட்டளை தடுப்பது, உருவத்தைச் செய்து அதற்கு முன் விழுந்து வணங்குவதை. அதே யாத்திராகமப் புத்தகத்தில் பெசலெயேல் என்று ஒரு தொழிலாளி வருகிறான். பொன், வெள்ளி, வெண்கலம், கல் வெட்டு, மரவேலை எல்லாவற்றிலும் அவனுக்குத் திறமை தந்தது கடவுளின் ஆவியே என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்த வேலையை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் அவனுக்கு உண்டு. அவ்வளவு ஏன், இயேசுவையே ஊரார் 'தச்சன்' என்றுதான் அழைத்தார்கள். ஒர்க் ஷாப் மாணவர்களாகிய நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்? எங்கள் சிலை கும்பிடுவதற்கு அல்ல, பார்த்து யோசிப்பதற்கு.

எங்கள் வெல்டிங் நண்பன் ஒருவன் இஸ்லாமியன். "உருவம் செய்யறது எங்க மார்க்கத்துல இல்லைடா. ஆனா அடியில இருக்கற ஃபிரேமை நான் வெல்டிங் பண்ணித் தரேன்" என்றான். சொன்னபடியே செய்தான். அந்தச் சிலை இன்று வரை ஆடாமல் நிற்கிறது என்றால் அது அவன் போட்ட வெல்டிங்கின் பலம்.

முன்னோர் காட்டிய வழி

ஆரம்பிக்கும் முன் நல்ல சிற்பங்களைப் பற்றிப் படித்தோம். மைக்கலாஞ்சலோ 'பியேட்டா' சிலையை 1499-இல் முடித்தபோது அவருக்கு வயது 24. கடைசி வருட டிப்ளமோ மாணவனைவிடச் சில வயதுதான் மூத்தவர்! இறந்த மகனை மடியில் கிடத்திய தாய். ரோம் நகரில் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறது. வளர்ந்த ஆண்மகன் ஒரு பெண்ணின் மடியில் அடங்குவது எப்படி? மரியாளின் உடை மடிப்புகளை அகலமாகப் பரப்பி, உச்சியில் அவள் தலை, அடியில் விரிந்த உடை என்று முழுவதையும் ஒரு பிரமிடு வடிவத்தில் அமைத்துவிட்டார். நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படிக்கிறோமே, புவியீர்ப்பு மையம் தாழ்ந்தும் அடித்தளம் அகன்றும் இருந்தால் பொருள் நிலையாக நிற்கும் என்று, அதே பாடம்தான். 1972-இல் ஒருவன் சுத்தியலால் அந்தச் சிலையைத் தாக்கினான். உடைந்த பகுதிகளைச் சரிசெய்து, இப்போது குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் என்ற பெண் சிற்பியின் மகன் 1914-இல், முதல் உலகப் போரில் இறந்து போனான். அந்தத் துக்கத்தைக் கல்லில் கொண்டுவர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1932-இல் பெல்ஜியத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் முழங்காலிட்ட தாயும் தந்தையுமாக இரண்டு சிலைகளை நிறுவினார். அதில் தேவதைகள் இல்லை, சிறகுகள் இல்லை. முழங்காலிட்ட இரண்டு முதியவர்கள், அவ்வளவுதான்.

கனடா நாட்டுச் சிற்பி டிமோத்தி ஷ்மால்ஸ் செய்த 'வீடற்ற இயேசு' 2013-இல் டொராண்டோவில் வைக்கப்பட்டது. பூங்கா பெஞ்சில் ஒருவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். முகம் தெரியாது. வெளியே நீட்டிய பாதங்களில் ஆணித் தழும்புகள். அப்போதுதான் யார் என்று நமக்குப் புரியும். அதன் பிரதி ஒன்றை அமெரிக்காவில் ஓர் ஆலயத்தின் முன் வைத்தபோது, யாரோ தெருவாசி படுத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு பெண்மணி போலீசுக்கே போன் செய்துவிட்டார்! 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்பார்கள். இங்கே மனிதனைக் கண்டவருக்கு வெண்கலம் தெரியவில்லை. ஆனால் மனிதன் என்று நினைத்தவுடன் போலீசைத்தான் கூப்பிடத் தோன்றியது என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊரிலும் உதாரணங்கள் உண்டு. வீரமாமுனிவர் பெயரோடு சேர்ந்த கோணான்குப்பம் பெரியநாயகி மாதா, தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தியவள். சென்னை ஓவியக் கல்லூரி 1850-இல் தொடங்கிய பழமையான நிறுவனம். அங்கே படித்து, அங்கேயே முதல்வராகவும் இருந்த எஸ். தனபால் கிறிஸ்துவைச் சிற்பமாக வடித்தார். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, கம்பியை இணைத்து உருவங்கள் படைத்தவர். பிள்ளையாரைச் செய்த கையாலேயே கிறிஸ்துவையும் செய்தார். பிறப்பால் கிறிஸ்தவரல்லாத இவர்கள் அந்த முகத்தில் மனிதத் துயரத்தைக் கண்டார்கள். ஷீட் மெட்டல் பிராக்டிகலை அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் ஒருமுறை ஜானகிராமின் வேலையைப் பார்க்க வேண்டும்!

மெரினா கடற்கரையில் நான்கு தொழிலாளிகள் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1959-இல் நிறுவப்பட்ட அதைச் செய்தவர், தனபாலின் ஆசிரியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும் அதற்கு மாடலாக நின்றார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்கு வழிகாட்டியது இந்தச் செய்திதான். மாடலைத் தேடி நாம் ஏன் எங்கோ போக வேண்டும்?

யாருடைய பாதம்?

யோவான் 13-ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சி வருகிறது. இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அந்தக் காலத்தில் அது வேலைக்காரனுடைய வேலை. அதனால்தான் பேதுரு, "நீரா என் காலைக் கழுவுவது?" என்ற பொருளில் பதறிப் போகிறார். நம் ஊரில் இதன் கனம் இன்னும் அதிகம். இங்கே மாணவன் குருவின் காலைத் தொடுவான். சிறியவர் பெரியவர் காலில் விழுவார். குரு மாணவன் காலைத் தொடுவது தலைகீழ் வேலை! யார் காலை யார் தொடுவது என்பதில்தானே நம் சாதிக் கணக்கெல்லாம் அடங்கியிருக்கிறது? அதனால் இந்தக் காட்சியையே தேர்ந்தெடுத்தோம்.

ஆனால் கழுவப்படும் கால் யாருடையது? பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் என்று வைத்துத் தாடியும் அங்கியும் போட்டுவிடலாம். பார்ப்பவர்கள், "அட, பைபிள் கதை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது எங்கள் வளாகத்தில் புதிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் வெறுங்காலோடு ஈரக் கலவையில் நின்று பாண்டு சட்டி சுமப்பதைத் தினமும் பார்த்தபடியே வகுப்புக்குப் போவோம். சிவில் நண்பன்தான் சொன்னான்: "டேய், அந்தக் கால்தான்டா நமக்கு வேணும்."

ஒரு அக்காவிடம் கேட்டோம். "போங்க தம்பி, காலைப் போய்ப் பாக்கணும்ங்கறீங்க, வெக்கமா இருக்கு" என்று புடவையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே காட்டினார். விரலிடுக்குகள் வெந்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பென்சிலால் வரைந்துகொண்டோம். பேச்சு வரவில்லை.

அளவும் அமைப்பும்

நம் சிற்ப சாத்திரத்தில் முகத்தின் நீளத்தைத் 'தாளம்' என்று அளவாக வைப்பார்கள். பெரிய தெய்வங்களுக்குப் பத்து தாளம் உயரம், மனிதருக்கு எட்டு தாளம் என்பது கணக்கு. இயேசுவுக்கு எத்தனை? இதில் எங்களுக்குள் பெரிய விவாதம். கடைசியில் எட்டு தாளம் என்று முடிவு செய்தோம். கடவுள் மனிதனானார் என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம் என்றால், அளவுகோலிலும் அது தெரிய வேண்டுமல்லவா? தலையைச் சுற்றி ஒளிவட்டமும் வைக்கவில்லை.

இயேசு முழங்காலிட்டு நன்றாகக் குனிந்திருக்கிறார். முகம் தரையை நோக்கி இருப்பதால், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பார்ப்பவரும் குனிய வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவருக்கு முழங்கால் வரைதான் உருவம். அதற்கு மேல் இல்லை. புடவைக் கரையும் இரண்டு பாதங்களும் மட்டுமே. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு எதையும் செய்யவில்லை; கட்டட வேலையில் கழித்துப் போட்ட ஒரு பழைய பாண்டு சட்டியையே வைத்துவிட்டோம்.

செய்முறை

இனி செய்ய விரும்புவோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கையளவு களிமண்ணில் ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள். நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தவறுகளைக் களிமண்ணில் திருத்துவது எளிது, சிமெண்டில் திருத்துவது கஷ்டம்.

அடுத்தது எலும்புக்கூடு. 8 எம்.எம். கம்பியை வளைத்து முதுகுத்தண்டு, கை, கால்களின் போக்கில் வெல்டிங் செய்து அடித்தள ஃபிரேமோடு இணைக்க வேண்டும். குனிந்த உருவத்தில் பாரம் முன்னால் தள்ளும். ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் தூக்குநூல் அடித்தளத்துக்குள்ளேயே விழ வேண்டும். பழைய ஜி.ஐ. பைப் கிடைக்கிறதே என்று அதை வெல்டிங் செய்யாதீர்கள். அதன் மேல்பூச்சான துத்தநாகம் புகையாகி, சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும்.

கம்பிக் கூட்டின்மேல் சிக்கன் மெஷ்ஷை இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். இது சிவில்காரர்கள் படிக்கும் ஃபெர்ரோசிமெண்ட் முறைதான். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல். தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். கலவை கையில் உருண்டையாக நிற்க வேண்டும். முதல் பூச்சை வலைக்குள் நன்றாக அழுத்தி, மேற்பரப்பில் கீறிவிடுங்கள். அடுத்த பூச்சு அப்போதுதான் பிடிக்கும். கம்பிக்கு மேல் போதிய கனம் இல்லாவிட்டால் பின்னாளில் துருப்பிடித்து வெடிக்கும். கடைசிப் பூச்சில் விரல், நகம், துணி மடிப்பு ஆகியவற்றைச் சிறு கரண்டியாலும் பழைய ஹேக்ஸா பிளேடாலும் வடிக்கலாம். மனிதனின் பாதத்தின் நீளமும், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளமும் ஏறக்குறைய ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதம் பொம்மைக் கால் ஆகாது.

பிறகு ஈரச் சாக்கைப் போர்த்திக் குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் விட வேண்டும். கிளாஸ் முடிந்ததும் ஆளுக்கொரு நாள் முறை வைத்து ஊற்றினோம்.

இந்த வேலை முழுவதும் நாங்கள் ரப்பர் கையுறை போட்டுத்தான் செய்தோம், ஏனென்றால் இன்ஸ்ட்ரக்டர் சார் அதில் கண்டிப்பானவர். ஈர சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். தோல் தாங்காது, மெல்ல மெல்ல வெந்து புண்ணாகும். அதிலுள்ள குரோமியம் உப்பு சிலருக்குத் தீராத அரிப்பை உண்டாக்கும். நாங்கள் கையுறையோடு நின்று கலவை பூசிய இடத்திலிருந்து ஐம்பதடி தூரத்தில், அதே கலவையில் அந்த அக்காக்கள் வெறுங்காலோடு நின்றார்கள்.

காசும் கருணையும்

"இந்தக் காசுக்கு நாலு ஏழைக்குச் சாப்பாடு போடலாமேடா?" என்று ஒரு நண்பன் கேட்டான். இதுவும் பைபிளில் உள்ள பழைய கேள்விதான். ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதத்தில் பூசியபோது, முந்நூறு தினாரி பெறும் இதை விற்று ஏழைகளுக்குத் தரலாமே என்று யூதாஸ் கேட்டான். ஒரு தினாரி ஒரு நாள் கூலி. ஆகவே அது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். இயேசு அந்தப் பெண்ணைத்தான் ஆதரித்துப் பேசினார். ஆனால் இதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நாம் தப்பித்துவிடக் கூடாது. யூதாஸ் கேட்டது கள்ள எண்ணத்தோடு. என் நண்பன் கேட்டது உண்மையான எண்ணத்தோடு.

அதற்குப் பதில் கண்காட்சி அன்றுதான் கிடைத்தது. மாடலாக இருந்த அக்கா தன்னோடு வேலை செய்பவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். சிலையைச் சுற்றி வந்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நெசமாக் கழுவறதுக்கு அங்க நல்ல தண்ணி இல்லியே" என்றார்.

எவ்வளவு சரியான விமர்சனம்! சிமெண்ட் பட்ட தோலை உடனே ஏராளமான நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதுதான் அதற்குரிய முதலுதவி. நாங்கள் உருவகமாக வைத்த தண்ணீர், அவருக்குத் தினசரித் தேவை. மறுநாளே எங்கள் சாரை அழைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரைப் பார்த்தோம். முதலில் முறைத்தார். "இத்தனை வருஷம் இப்படித்தானே வேலை நடக்குது" என்றார். பி.எச். கணக்கையெல்லாம் சார் எடுத்துச் சொன்ன பிறகு, கால் கழுவ ஒரு டிரம் நல்ல தண்ணீர் வைக்கச் சம்மதித்தார். வகுப்பில் வசூலித்ததில் மீதியிருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். புடவையோடு பூட்ஸ் போட்டு நடக்க முடியவில்லை என்று இரண்டு பேர் கழற்றி வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் அந்தக் கட்டடம் முடியும் வரை போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் டிரம் கடைசி வரை இருந்தது.

கருணை என்பது பரிதாபப்படுவது அல்ல. பரிதாபத்துக்கு நின்று பார்த்தால் போதும். கருணைக்கு உற்றுப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், பிறகு கையால் எதையாவது செய்ய வேண்டும். சிற்பம் நமக்குக் கற்றுத் தருவது அந்த உற்றுப் பார்த்தலைத்தான். ஒரு பாதத்தை வடிக்க அதை மணிக்கணக்கில் பார்த்தவன், மறுநாள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போக முடியாது. மிகச் சிறிய ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்ற கருத்தில் இயேசு சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். அதை எத்தனையோ முறை ஆலயத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது கம்பியும் சிமெண்டும் பிடித்த பிறகுதான்.

சக மாணவ நண்பர்களே! உங்கள் மார்க்கம் எதுவாயினும் ஆகட்டும். உங்களிடம் வெல்டிங் ராடு இருக்கிறது, தகடு இருக்கிறது, மரம் இருக்கிறது, இருபது வயதுக் கைகள் இருக்கின்றன. இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு நீங்கள் எதைச் செய்தாலும், உங்கள் பக்கத்தில் உழைக்கும் ஒரு மனிதரைப் பார்த்துச் செய்யுங்கள். செய்து முடித்ததும் முதலில் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். நடுவர்கள் தரும் மார்க் அதற்குப் பிறகு வரட்டும்.